கோவிட் காலத்தில் ஒரே வீட்டுக்குள் இருந்த தம்பதிகளுக்கு ஆசை ஏன் குறைந்தது? ஏன் சிலருக்கு இன்னும் திரும்பவில்லை?

கேள்வி கேட்டவர் கோலாலம்பூர் செத்தாப்பாக்கில் ஒரு கொண்டோவில் வசிக்கும் பெண். வயது 41, கணவருக்கு 46. இரண்டு பிள்ளைகள், உடன் மாமியார். 2020 மார்ச்சில் எம்சிஓ (நடமாட்டக் கட்டுப்பாடு) போட்ட முதல் சில வாரங்கள் புதிதாகக் கல்யாணம் ஆனவர்கள் மாதிரி இருந்தார்களாம். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, 2021 நடுவில் அறவே நின்றுவிட்டது. பெரிய சண்டை இல்லை, வேறு யாரும் குறுக்கே வரவில்லை. கொரோனா ஓய்ந்த பிறகும் பழைய நிலை திரும்பவில்லை. "இது எங்கள் கோளாறா, அந்தக் காலத்தின் கோளாறா? அவர் ஆண்மைக்கு நல்லது என்று விற்கும் டோங்காட் அலி வேர்க் காப்பி வாங்கிக் குடிக்கிறார். டாக்டரைப் பார்க்கலாம் என்றால் வரமாட்டேன் என்கிறார். நான் மட்டும் போனால் பயன் உண்டா?" என்று கேட்கிறார்.

செந்தூல் பக்கம் குடும்ப மருத்துவராக இருப்பதால் இதே கதையைப் பலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். பெரும்பாலும் இருமலுக்கோ முதுகுவலிக்கோ வருவார்கள். மருந்து எழுதி முடித்து, எழுந்து போய்க் கதவில் கை வைத்த பிறகுதான் "டாக்டர், இன்னொன்று..." என்று ஆரம்பிப்பார்கள். நீங்கள் சுற்றி வளைக்காமல் கேட்டது நல்லதாகப் போயிற்று. என் பதிலும் நேரானது: ஆரம்பித்து வைத்தது அந்தக் காலம். இன்னும் நீடிப்பதற்குக் காரணங்கள் வேறு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் பல தம்பதிகள் "நமக்குள் என்னவோ செத்துவிட்டது" என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார்கள்.

அந்த முதல் வாரங்களின் உற்சாகத்தில் ஆச்சரியப்பட எதுவும் இல்லை. மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியபோது இரண்டு வாரம் என்றுதான் சொன்னார்கள். காலையில் நெரிசலில் மாட்டிக்கொண்டு கிடந்த நேரம் கையில் மிச்சமானது. சம்பளம் இன்னும் வந்துகொண்டிருந்தது. வெளியே என்னவோ பெரிதாக நடக்கிறது, நாம் உள்ளே பத்திரமாக இருக்கிறோம் என்ற எண்ணம் இருந்தது. ஆபத்து வாசலுக்கு வரும்போது மனிதன் முதலில் தன் ஆளின் கையைத்தான் பிடிப்பான். பல நாடுகளில் துணையோடு இருப்பவர்களைத் தொற்றின் ஆரம்பத்திலிருந்தே தொடர்ந்து விசாரித்து வந்த ஓர் ஆய்வு 2022இல் வெளியானது. ஆரம்ப கட்டத்தில் பணக்கவலை அதிகம் என்று சொன்னவர்களிடம் துணை மீதான ஆசையும் அதிகமாகவே இருந்ததாம். ஆனால் மாதங்கள் போகப்போகக் கதை மாறியது. மனஅழுத்தமும் தனிமையும் பணநெருக்கடியும் கூடியவர்களுக்கு மனச்சோர்வின் அறிகுறிகள் கூடின. மனச்சோர்வு கூடக் கூட ஆசை குறைந்தது. அதே கவலைதான். புதிதாக வந்தபோது இருவரையும் நெருங்க வைத்தது, கூடவே குடியேறிய பிறகு பிரித்துவிட்டது.

உங்கள் காலக்கணக்கை எடுத்து நாட்டின் காலக்கணக்குக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2020 மே 4இல் கட்டுப்பாடு தளர்ந்தது, ஜூன் 10இல் இன்னும் தளர்ந்தது, எல்லாரும் முடிந்தது என்று நினைத்தோம். வங்கிக் கடன் ஒத்திவைப்பு செப்டம்பர் 30உடன் முடிந்து, மறுபடி வீட்டுத் தவணையும் கார் தவணையும் கட்ட வேண்டியதாயிற்று. 2021 ஜனவரி 13இல் இரண்டாவது எம்சிஓ. பலர் ஓய்வுக்காலச் சேமிப்பான இபிஎஃப் பணத்தில் கை வைத்தார்கள். ஜூன் 1இல் முழு முடக்கம், அதைத் தொடர்ந்து உதவி வேண்டுவோர் வாசலில் வெள்ளைக் கொடி கட்டிய நாட்கள். மாநிலம் விட்டு மாநிலம் போகும் தடை நீங்கியது அக்டோபர் 11இல்தான். உங்களுக்கு நின்றுபோனது 2021 நடுவில் என்கிறீர்கள். அந்த மாதங்களில் கோலாலம்பூரில் நிம்மதியாகத் தூங்கியவர்கள் எத்தனை பேர்?

பாலியல் ஆய்வாளர்கள் இதை விளக்க ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவின் பாலியல் ஆய்வு மையமான கின்சி நிறுவனத்தில் இருந்த ஜான் பேன்க்ராஃப்ட், எரிக் யான்சன் இருவரும் 1990களின் இறுதியில் உருவாக்கியது. காரில் இருப்பதைப் போல மனித மூளையிலும் இந்த விஷயத்துக்கு ஒரு எண்ணெய் மிதியும் ஒரு பிரேக்கும் தனித்தனியாக இருக்கின்றன என்பது அதன் சாரம். ஆசை வரவில்லை என்றால் நாம் உடனே எண்ணெய் மிதியைத்தான் சந்தேகப்படுவோம்: "எனக்கு அவரைப் பிடிக்கவில்லையோ, நான் அழகாக இல்லையோ, அவருக்குச் சக்தி போய்விட்டதோ?" பெரும்பாலானவர்களுக்கு அந்த மிதியில் கோளாறே இருக்காது. பிரேக்கில் கால் ஊன்றியிருக்கும். கடன், நோய் பயம், மருத்துவமனையில் கிடக்கும் அப்பா, பக்கத்து அறையில் விழித்திருக்கும் மாமியார், நாளைக்கு அனுப்ப வேண்டிய ரிப்போர்ட், இது ஒவ்வொன்றும் பிரேக். டோங்காட் அலி காப்பி ஏன் உதவவில்லை என்பதற்குப் பாதி விடை இங்கேயே இருக்கிறது.

உடம்புக்குள் நடப்பதும் இதற்கு ஒத்துத்தான் போகிறது. நீண்ட நாள் அழுத்தத்தில் அழுத்த ஹார்மோனான கார்ட்டிசோல் ஏறியே இருக்கும். அது மூளையிலிருந்து இனப்பெருக்கச் சுரப்பிகளுக்குப் போகும் கட்டளையைத் தணிக்கும். தூக்கம் கெட்டால் ஆண்களுக்கு ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் குறையும். இரவு இரண்டு மணி வரை போனில் கொரோனா எண்ணிக்கை பார்த்துக் கிடந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

அந்தக் காலத்தில் எல்லாரும் சொன்ன ஒரு வேடிக்கைக் கணிப்பு உங்களுக்கு ஞாபகம் இருக்கும்: எல்லாரும் வீட்டிலேயே அடைந்து கிடக்கிறார்கள், ஒன்பது மாதம் கழித்துப் பாருங்கள், பிரசவ வார்டில் இடம் இருக்காது என்று. அந்தக் கணிப்பைச் சோதித்துப் பார்க்க நம்மைவிடப் பொருத்தமான நாடு கிடையாது, ஏனென்றால் உலகத்தின் மிகப் பெரிய ஆணுறைத் தயாரிப்பாளர் நம் மலேசிய நிறுவனமான காரெக்ஸ்தான். உலகில் ஐந்தில் ஓர் ஆணுறை அவர்களுடையது. 2020 மார்ச்சில் அவர்களுடைய மூன்று மலேசியத் தொழிற்சாலைகளும் பத்து நாள் வரை மூடிக் கிடந்தன. 10 கோடி ஆணுறைகள் குறையும் என்று அப்போது செய்தி வந்தது. தட்டுப்பாடு வரும், தேவை எகிறும் என்று அவர்களே எதிர்பார்த்தார்கள். 2022 ஜனவரியில் வந்த செய்தியோ நேர் எதிர்: இரண்டு ஆண்டுகளில் விற்பனை 40 விழுக்காடு வரை சரிந்திருந்தது. பிறப்பும் கூடவில்லை. 2019இல் நாட்டில் சுமார் 4 லட்சத்து 88 ஆயிரம் குழந்தைகள் பிறந்தன. 2020இல் 4 லட்சத்து 70 ஆயிரம், 2021இல் 4 லட்சத்து 40 ஆயிரம், 2022இல் 4 லட்சத்து 23 ஆயிரம்.

இந்த எண்களை வைத்துக்கொண்டு "மலேசியத் தம்பதிகளுக்கு ஆசை வற்றிவிட்டது" என்று எழுதியவர்களும் உண்டு. அவசரப்பட வேண்டாம். ஆணுறை விற்பனை சரிந்ததற்கு நிறுவனமே சொன்ன காரணம், ஹோட்டல்கள் மூடிக் கிடந்ததும், அரசாங்கங்கள் கிளினிக் வழியாக இலவசமாகக் கொடுப்பது நின்றதும். வீட்டில் கூடவே வாழும் கணவன் மனைவியைப் பற்றி அது அதிகம் சொல்லவில்லை. பிறப்பு எண்ணிக்கையோ கொரோனாவுக்கு முன்பிருந்தே இறங்கிக்கொண்டிருந்தது. போதாததற்கு, வேலை போகுமோ என்ற பயத்தில் பிள்ளையைத் தள்ளிப்போட்டவர்கள் ஆசை இல்லாமல் தள்ளிப்போடவில்லை.

நேராக மக்களிடமே கேட்ட ஆய்வுகள் கலவையான படத்தைத்தான் காட்டுகின்றன. 2020 வசந்த காலத்தில் இணையம் வழியாக 1,559 பேரிடம் கேட்ட ஓர் ஆய்வில், பெரும்பாலோர் அமெரிக்கர்கள், 43.5 விழுக்காட்டினர் தங்கள் பாலியல் வாழ்க்கை சரிந்ததாகச் சொன்னார்கள். கூடியது என்றவர்கள் 13.6 விழுக்காடு. மீதிப் பேருக்கு மாற்றம் இல்லை. இதில் தனியாக இருந்தவர்களும் சேர்த்தி என்பதை மறக்கக் கூடாது. பிரிட்டனில் நடந்த பெரிய கணக்கெடுப்பில், சேர்ந்து வாழ்ந்தவர்களில் பெரும்பாலோருக்கு முதல் சில மாதங்களில் பெரிய மாற்றம் இல்லை. சரி, அப்படியென்றால் யாருக்குத்தான் குறைந்தது? பிரேக்கில் பாரம் கூடியவர்களுக்கு. நம் ஊர்க் கதை இங்கேதான் தனியாகப் பிரிகிறது.

கெரிஞ்சியிலோ செந்தூலிலோ அரசாங்கத்தின் மலிவு அடுக்குமாடியான ஒரு பிபிஆர் வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மாத வாடகை 124 ரிங்கிட், மூன்று அறை, சுமார் 700 சதுர அடி. அதில் ஆறேழு பேர் இருப்பது சாதாரணம். சாதாரண நாட்களில் அந்த வீட்டுத் தம்பதிக்குத் தனிமை எப்படிக் கிடைத்தது? வீட்டின் அளவால் இல்லை, மற்றவர்கள் வெளியே போவதால். பிள்ளைகள் பள்ளிக்குப் போவார்கள், பாட்டி வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போவார், தம்பி இரவு ஷிஃப்டுக்குப் போவான். அந்த இடைவெளிகளில்தான் தாம்பத்தியம் நடந்தது. பள்ளி, கோயில், தொழிற்சாலை மூன்றையும் ஒரே நாளில் மூடியபோது அந்த இடைவெளிகளும் சேர்ந்து மூடிப்போயின. இதை யாரும் வெளியே சொல்லவில்லை, சொல்லக்கூடிய விஷயமா? உங்கள் கொண்டோ கொஞ்சம் பெரியதாக இருக்கலாம். ஆனால் மகள் உங்கள் படுக்கையில் உட்கார்ந்து ஆன்லைன் வகுப்பு பார்த்திருப்பாள், அவர் அதே அறை மூலையில் மேசை போட்டு ஆபீஸ் வேலை பார்த்திருப்பார், கதவைச் சாத்தினால் "என்ன, கதவைச் சாத்திக்கிட்டீங்க?" என்று மாமியார் குரல் வந்திருக்கும். படுக்கையறை வேலையிடமாகவும் வகுப்பறையாகவும் ஆன பிறகு, இரவில் விளக்கை அணைத்தாலும் அது படுக்கையறையாக மாறுவதில்லை.

இடம் இல்லாதது ஒரு பக்கம். தூரம் இல்லாதது இன்னொரு பக்கம், இதைப் பலர் கவனிப்பதே இல்லை. நம் பெரியவர்கள் ஆடி மாதம் புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போவார்கள். அதற்கு அவர்கள் சொன்ன காரணம் எதுவாகவும் இருக்கட்டும், ஆவணியில் அந்தப் பையன் மாமியார் வீட்டு வாசலில் நின்ற வேகத்தை எல்லாரும் பார்த்துத்தான் இருக்கிறார்கள். தினமும் காலையில் அவர் சட்டை மடித்து, வாசனை பூசி வெளியே போவார். நீங்கள் அறியாத மனிதர்களோடு பேசிவிட்டு, ஏதோ ஒரு கதையோடு திரும்பி வருவார். அந்தப் பத்து மணி நேரம் அவர் உங்களுக்கு முழுதாகத் தெரியாத ஓர் ஆள். அந்தத் தெரியாமைதான் ஈர்ப்புக்கு இடம் கொடுப்பது. ஒன்றரை வருடம் கைலியும் பழைய டி-சட்டையுமாக மூன்றடி தூரத்தில் இருந்தவரிடம் "இன்றைக்கு என்ன நடந்தது?" என்று கேட்க என்ன இருக்கிறது? நடந்தது எல்லாம் உங்கள் கண் முன்னால்தானே நடந்தது. பாசம் கூடியிருக்கலாம், பழக்கம் கூடியிருக்கலாம். ஆசைக்கு வேறு சத்து வேண்டும்.

வீட்டு வேலையைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பதில் முடியாது, ஏனென்றால் பெண்களின் ஆசையை நான் பார்த்தவரை அதிகம் தின்றது இதுதான். எம்சிஓ ஆரம்பத்தில் மகளிர் துறை அமைச்சு வெளியிட்ட சுவரொட்டிகள் ஞாபகம் இருக்கிறதா? வீட்டிலிருந்து வேலை செய்யும் பெண்கள் ஒப்பனை செய்துகொள்ள வேண்டும், கணவரிடம் குறை சொல்லாமல் கார்ட்டூன் பூனை டோரேமோன் குரலில் கொஞ்சிப் பேச வேண்டும் என்று அறிவுரை. உலகம் முழுக்கச் சிரித்தது. மார்ச் 31இல் மன்னிப்புக் கேட்டு, சுவரொட்டிகளை எடுத்துவிட்டார்கள். எனக்கு அதில் சிரிப்பைவிட எரிச்சல்தான் வந்தது. மூன்று வேளைச் சமையல், பிள்ளைகளின் வகுப்பு, தன் ஆபீஸ் வேலை, மாமியாரின் மருந்து, எல்லாம் ஒரே ஆளின் தலையில் ஏறிக்கொண்டிருந்த நேரத்தில், அந்த ஆளுக்கு உதட்டுச் சாயம் பரிந்துரைத்திருந்தார்கள். கடைக்குப் போவதற்குக் குடும்பத் தலைவருக்கு மட்டும் அனுமதி என்றபோது, வீட்டுக்காரர்கள் பேரங்காடியில் நின்று கொத்தமல்லிக்கும் செலரிக்கும் வித்தியாசம் தெரியாமல் வீடியோ கால் போட்ட காட்சியை எல்லாரும் ரசித்தோம். அதன் இன்னொரு பக்கம், அந்த நாட்களில் பல மனைவிகளுக்கு வீட்டை விட்டு வெளியே போக இருந்த ஒரே சாக்கும் போயிற்று.

ஆண்களோடு வாழும், பிள்ளைகள் உள்ள பெண்களிடம் செய்து 2022இல் வெளியான ஓர் ஆய்வு இதைச் சரியாகப் பிடித்தது. வீட்டு வேலையில் பெரும்பங்கு தன்னுடையதாக இருந்த பெண்களுக்குத் துணை மீதான ஆசை குறைவாக இருந்தது. வேலைப் பங்கீடு நியாயமில்லை என்ற எண்ணமும், கணவரைத் தான் பார்த்துக்கொள்ள வேண்டிய இன்னொரு ஆளாக உணர்வதும் அதோடு சேர்ந்தே இருந்தன. யாரைக் குளிக்கச் சொல்லி, சாப்பிடச் சொல்லி, மருந்து போடச் சொல்லி நாள் முழுக்க ஓடுகிறோமோ, அவரிடம் இரவில் ஆசை வர வேண்டும் என்றால் எப்படி வரும்? வீட்டுக்காரர்கள் இதைப் படித்தால் தயவுசெய்து "நான் உதவி செய்கிறேனே" என்று ஆரம்பிக்காதீர்கள். உதவி என்று சொல்லும்போதே வேலை அவளுடையது என்று ஆகிவிடுகிறது.

ஒரு வித்தியாசத்தை இங்கே பிரித்துச் சொல்ல வேண்டும்: உறவு நடப்பது வேறு, ஆசை வேறு. துருக்கியில் 58 பெண்களிடம் 2020இல் செய்த சிறிய ஆய்வு ஒன்றில், தொற்றுக் காலத்தில் வாரத்துக்கு 1.9 ஆக இருந்த உறவு 2.4 ஆகக் கூடியிருந்தது. ஆனால் அதே பெண்களின் பாலியல் நலனை அளக்கும் மதிப்பெண் கீழே இறங்கியிருந்தது. எண்ணிக்கை கூடி, சுகம் குறைந்திருக்கிறது. 58 பேரை வைத்து உலகத்துக்கே தீர்ப்பு எழுத முடியாது, ஆனால் நான் கேட்ட கதைகளோடு அது பொருந்துகிறது. வேறு பொழுதுபோக்கு இல்லாததாலும், மறுத்தால் அந்தச் சின்ன வீட்டில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாரே என்பதாலும் சம்மதித்த பெண்கள் நிறைய. அப்படிக் கடமைக்குச் சம்மதித்த இரவுகள் சேரச் சேர உடம்பு ஒரு பாடம் கற்றுக்கொள்கிறது; அதற்குப் பிறகு தொட்டாலே விலகத் தோன்றும். உங்களுக்கு அப்படி நடந்ததாக எழுதவில்லை, ஆனால் படிக்கும் வேறு சிலருக்கு நடந்திருக்கும். இன்னும் ஒரு படி மேலே போய் மிரட்டலோ அடியோ இருந்தால் அது ஆசையைப் பற்றிய விஷயமே இல்லை. கணவன் மனைவி என்ற உறவுக்குள் நடப்பதை நம் குற்றவியல் சட்டம் பாலியல் வல்லுறவு என்று எண்ணாவிட்டாலும், உறவுக்காக மனைவியைக் காயப்படுத்துவதும் பயமுறுத்துவதும் 375ஏ பிரிவின் கீழ் ஐந்து ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். அரசாங்கத்தின் உதவித் தொலைபேசியான தாலியான் காசிஹ் எண் 15999, நாள் முழுக்க எடுப்பார்கள்.

இப்போது உங்கள் கேள்வியின் கடினமான பாதி. முடக்கம் முடிந்தும் ஏன் திரும்பவில்லை?

முதல் காரணம், நீங்கள் அது தானாகத் திரும்பும் என்று காத்திருக்கிறீர்கள். கனடா நாட்டு மருத்துவர் ரோஸ்மேரி பாஸன் 2000ஆம் ஆண்டு வாக்கில் விளக்கியது இது: ஆசை முதலில் வந்து, அப்புறம் நெருக்கம் வரும் என்பது ஒரு வகை மட்டுமே. நீண்ட நாள் கூடி வாழ்பவர்களுக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, பல நேரம் வரிசை மாறி வரும். நிம்மதியான நேரம், இதமான தொடுகை, பேச்சு, இவை இருந்தால் பாதி வழியில் ஆசை வந்து சேர்ந்துகொள்ளும். திடீரென்று பற்றிக்கொள்ளும் என்று காத்திருந்தால் வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டியதுதான். அதோடு, நீண்ட இடைவெளிக்குப் பிறகு கூச்சம் வந்துவிடுகிறது. பதினைந்து வருடம் கூட வாழ்ந்த கணவரிடம் வெட்கமா என்று கேட்காதீர்கள், வரும். தோளில் கை வைத்தால் அது "அதற்கு"த்தானோ என்று எதிரில் இருப்பவர் நினைத்துவிடுவாரோ என்ற பயத்தில் தோளில் கை வைப்பதே நின்றுபோகும். தம்பதிகள் இழப்பது உறவை மட்டும் இல்லை, சாதாரணத் தொடுகை எல்லாவற்றையும்.

இரண்டாவது, சில வீடுகளில் முடக்கம் முடியவே இல்லை. அவர் இன்னும் வீட்டிலிருந்துதான் வேலை செய்கிறாரா? படுக்கையறை மூலையில் அந்த மேசை இன்னும் இருக்கிறதா? இருந்தால் முதல் வேலையாக அதை ஹாலுக்கு நகர்த்துங்கள். ஹாலில் இடமில்லை என்றால் ஒரு திரையாவது போடுங்கள். படுக்கையறைக் கதவுக்கு ஒரு தாழ்ப்பாள் போடுவதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. சிரிப்பாக இருக்கும், ஆனால் இதைச் செய்த பிறகு மருந்தே தேவைப்படாதவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மூன்றாவது, உடம்பு. 2020இல் இருந்த உடம்பு இப்போது இல்லை. உங்கள் வீட்டுக்காரருக்கு 46 வயது, நம் இனம். 2019இன் தேசிய சுகாதாரக் கணக்கெடுப்பில் நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களில் மட்டும் 31.4 விழுக்காடு, மூன்றில் ஒருவர் என்றே வைத்துக்கொள்ளலாம். நீரிழிவு உள்ள ஆண்களில் பாதிப் பேருக்கு ஏதோ ஓர் அளவில் விறைப்புக் குறைபாடு இருக்கிறது. முடக்கத்தில் எடை போட்டு, நடை நின்று, கிளினிக் பக்கமே வராமல் இருந்தவர்கள் பலருக்குச் சர்க்கரை அப்போதுதான் ஏறியது. விறைப்பு சரியாக வராத ஆண் பல நேரம் "எனக்கு ஆசை இல்லை" என்றுதான் காட்டிக்கொள்வான். தோற்றுப்போவதைவிட விலகிப்போவது அவனுக்குச் சுலபம். கொரோனா தொற்றே இரத்தக் குழாய்களின் உள்சுவரைப் பாதிப்பதால் விறைப்புக் குறைபாட்டுக்கு வழி வைக்கலாம் என்று இத்தாலியில் 100 ஆண்களை வைத்துச் செய்த ஆய்வு 2021இல் சொன்னது: தொற்று வந்தவர்களில் 28 விழுக்காடு, வராதவர்களில் 9 விழுக்காடு. சிறிய ஆய்வு, இத்தனை வருடம் கழித்தும் அதையே காரணமாகச் சொல்ல மாட்டேன். சர்க்கரையும் இரத்த அழுத்தமும்தான் என் முதல் சந்தேகம். விறைப்புக் கோளாறு சிலருக்கு இதய நோய்க்குச் சில ஆண்டுகள் முன்னால் வரும் எச்சரிக்கை என்பதையும் அவரிடம் சொல்லுங்கள். மானப் பிரச்சினையாக நினைப்பவர் அதை மாரடைப்புப் பிரச்சினையாக நினைத்தால் கிளினிக்குக்கு வருவார்.

மருந்துகளையும் பார்க்க வேண்டும். தொற்றுக் காலத்தில் பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் செர்ட்ராலினோ எஸ்சிட்டலோபிராமோ தொடங்கியவர்கள் நிறையப் பேர். நல்ல மருந்துகள்தான், ஆனால் ஆசையைக் குறைப்பதும் உச்சத்தைத் தாமதிப்பதும் அவற்றின் தெரிந்த பக்கவிளைவு. நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், எழுதிக்கொடுத்த டாக்டரிடம் சொன்னால் அளவையோ மருந்தையோ மாற்றிப் பார்ப்பார். உங்கள் பக்கம் தைராய்டு, இரத்தசோகை, கருத்தடை மாத்திரை, மாதவிலக்கு மாறத் தொடங்கியிருக்கிறதா, வறட்சியோ வலியோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வலிக்கிறது என்றால் ஆசை வராமல் இருப்பது உடம்பின் புத்திசாலித்தனம். வலியைச் சரிசெய்யாமல் ஆசையைத் தேடக் கூடாது.

டோங்காட் அலி காப்பிக்கு வருகிறேன். அந்த வேரைப் பற்றி எனக்குப் பகை இல்லை. பாக்கெட்டில் விற்கும் காப்பியைப் பற்றித்தான் பயம். நம் சுகாதார அமைச்சு பல முறை இப்படிப்பட்ட காப்பிகளில் விறைப்புக்கு டாக்டர் எழுதும் மருந்துகளான சில்டெனாஃபில், டாடாலாஃபில் கலந்திருப்பதைக் கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. குடித்ததும் "வேலை செய்கிறது" என்றால் வேர் வேலை செய்கிறதா, கலப்படம் வேலை செய்கிறதா என்று குடிப்பவருக்குத் தெரியாது. நெஞ்சுவலிக்கு நாக்கடியில் வைக்கும் நைட்ரேட் மருந்து எடுப்பவர் அதைக் குடித்தால் இரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்து. அவருக்கு அந்த மாத்திரை உண்மையிலேயே தேவைப்பட்டால் டாக்டர் அளவு பார்த்து எழுதிக்கொடுப்பார், பார்மசியில் கிடைக்கும், ஒளித்துக் குடிக்க வேண்டியதே இல்லை.

இருவரும் சேர்ந்து செய்யக்கூடியதில் எனக்கு அதிகம் நம்பிக்கை உள்ளது ஒன்று. முன்னால் சொன்ன 1,559 பேர் ஆய்வில், ஐந்தில் ஒருவர் அந்தக் காலத்தில் தங்கள் உறவில் புதிதாக ஏதோ ஒன்றைச் சேர்த்திருந்தார்கள்; புதிய நிலை, மனதில் இருந்த கற்பனையைச் சொல்வது, ஒருவருக்கொருவர் மசாஜ், இப்படி. அவர்கள் மற்றவர்களைவிட மூன்று மடங்கு அதிகமாகத் தங்கள் வாழ்க்கை மேம்பட்டதாகச் சொன்னார்கள். மசாஜ்தான் உங்களுக்கு நான் சொல்லும் ஆரம்பம். உறவு கிடையாது என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டு, தாழ்ப்பாள் போட்ட அறையில், சும்மா தொட்டுப் பழகுவது. பாலியல் மருத்துவத்தில் 1970களிலிருந்து இருக்கும் முறை இது. கட்டாயம் எடுபட்டவுடன் கூச்சம் குறையும். அதோடு தூரத்தையும் கொஞ்சம் திரும்ப உண்டாக்குங்கள். வாரத்தில் சில மாலைகளாவது ஆளுக்கொரு திசையில் போங்கள். அவர் பேட்மிண்டனுக்கு, நீங்கள் உங்கள் தோழிகளோடு. மாதம் ஒருமுறை பிள்ளைகளை மாமியாரிடம் விட்டுவிட்டு கடற்கரை ஊரான போர்ட்டிக்சனுக்கு ஓர் இரவு போய்வந்தால் இன்னும் நல்லது. மாமியார் ஏதாவது கேட்டால், கல்யாணம் ஆனவர்கள் போகிறோம் என்று சொல்லுங்கள்.

நீங்கள் மட்டும் டாக்டரிடம் போகலாமா என்றால், தாராளமாகப் போகலாம். பல தம்பதிகளில் ஒருவர்தான் முதலில் வருகிறார், அவர் வந்துவிட்டுப் போன பிறகு மற்றவர் தயங்கித் தயங்கி வருகிறார். தேசிய மக்கள்தொகை, குடும்ப மேம்பாட்டு வாரியமான எல்பிபிகேஎன் நடத்தும் நூர் செஜாத்ரா கிளினிக்குகளில் இந்த மாதிரி விஷயம் பேசிப் பழகிய ஆட்கள் இருக்கிறார்கள், கட்டணமும் தனியார் அளவுக்கு வராது. போகும்போது எப்போது ஆரம்பித்தது, தனியாக இருக்கும்போதாவது ஆசை வருகிறதா, வலி உண்டா, என்னென்ன மருந்து எடுக்கிறீர்கள் என்ற நான்கையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். தனியாக ஆசை வருகிறது, அவரோடு மட்டும் இல்லை என்றால் பேச்சுவார்த்தைதான் முதல் சிகிச்சை. எங்குமே இல்லை என்றால் முதலில் இரத்தப் பரிசோதனை. உங்கள் வீட்டுக்காரரிடம் "அந்த விஷயத்துக்கு" என்று சொல்லாமல், நாற்பத்தாறு வயதில் எல்லாரும் எடுக்க வேண்டிய சர்க்கரை, கொழுப்பு, இரத்த அழுத்தப் பரிசோதனைக்கு என்று சொல்லி அழைத்து வாருங்கள். பொய்யும் இல்லை. உள்ளே வந்த பிறகு மீதியை டாக்டர் கேட்டுக்கொள்வார்.